புது ஆயுள் காப்பீட்டு முகவரின் நாட்குறிப்பு: முதல் ஏழு வாரங்கள்

மார்ச் 3, திங்கள்

முகவர் உரிமம் கைக்கு வந்து நான்கு நாட்களாகின்றன. தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயர்களை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். 64ஆவது பெயரோடு என் பேனா நின்றுவிட்டது. எழுதியதைத் திரும்பப் படித்தபோது, அவர்களில் பாதிப் பேருக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், கடன் ஏதும் உண்டா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. 'தெரிந்தவர்கள்' என்று எந்தத் துணிச்சலில் தலைப்பு இட்டேனோ!

மார்ச் 5, புதன்

பயிற்சி வகுப்பில் கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு படிகளை விளக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விளம்பரத் துறையில் உருவான சூத்திரம் இது. எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கண்ணுக்குத் தெரியும் பொருளை விற்பவருக்கு அது சரியாகப் பொருந்தலாம். ஆனால், தான் இல்லாத ஒரு நாளைப் பற்றி எவருக்கு விருப்பம் பிறக்கும் என்ற ஐயம் எனக்கு வகுப்பு முடியும்வரை தீரவில்லை.

பிற்பகலில் ஒத்திகை நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருக்கும் ஓர் அக்கா வாடிக்கையாளராக நடித்தார். டேர்ம் பாலிசி, முதிர்வுத் தொகை, போனஸ், கூடுதல் பாதுகாப்பு என்று மனப்பாடம் செய்திருந்த அனைத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன். "சரி, எனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். நான் அதைக் கேட்கவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று 23 அழைப்புகள். ஒன்பது பேர் எடுக்கவில்லை, பதினொருவர் வேண்டாம் என்றார்கள், மூவர் நேரில் வரச் சொன்னார்கள். பிரீமியம் எவ்வளவு என்று தொலைபேசியிலேயே கேட்பவருக்குத் தொகையைச் சொல்லிவிட்டால், அதன்பின் அவர் நம்மைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. வயதும் உடல்நிலையும் தெரியாமல் நாம் சொல்லும் தொகையும் சரியாக இருக்கப்போவதில்லை. எனவே, அழைப்பில் கேட்க வேண்டியது அரை மணி நேரச் சந்திப்பு ஒன்றை மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினைந்து அழைப்புகள் செலவாயின.

மார்ச் 14, வெள்ளி

சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "உனக்காக ஒன்று போடுகிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்றார். மகிழ்ச்சியோடு அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் மலரவில்லை. நமக்காகப் போடப்படும் பாலிசி பெரும்பாலும் இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிடும் என்றார். முதல் ஆண்டில் முகவருக்குக் கமிஷன் கிடைத்துவிடும்; பிரீமியம் நின்று பாலிசி காலாவதியானால், தொடக்க ஆண்டுகளில் சரண்டர் மதிப்பு, அதாவது இடையில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை, கட்டியதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆக, இழப்பு முழுவதும் சித்தப்பாவுக்குத்தான்.

அவரிடமே திரும்பிப்போய், அவருடைய வருமானத்துக்கும் வயதுக்கும் ஏற்றது எது என்று முதலில் பார்த்துவிடலாம் என்றேன். பணம் தர வந்தவனிடம் கணக்குக் கேட்கிறாயா என்று கோபித்துக்கொண்டார். இந்த மாதக் கணக்கில் ஒன்றுகூட இல்லாத நிலையில் நான் செய்தது பக்குவமா, பைத்தியக்காரத்தனமா என்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

வெளியே போகவில்லை. தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்ததுதான் மிச்சம்.

மார்ச் 20, வியாழன்

காலையில் ஊக்கக் கூட்டம். மேடையில் பேசியவர் 1927இல் மெம்பிஸ் நகரில் 32 முகவர்கள் கூடித் தொடங்கிய மில்லியன் டாலர் வட்டமேசை என்னும், விற்பனையில் சிறந்த முகவர்களுக்கான அமைப்பைப் பற்றிச் சொல்லி, நாம் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினராக வேண்டும் என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினோம். அந்த எழுச்சி எனக்கு மதியம் வரை நீடித்தது. முதல் 'வேண்டாம்' வந்ததும் கரைந்துபோனது.

மாலையில் அக்கா தம் பழைய குறிப்பேடு ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டங்கள்: எத்தனை பேரை அழைத்தேன், எத்தனை பேரைச் சந்தித்தேன், எத்தனை கேள்விகள் கேட்டேன். எத்தனை பாலிசி முடிந்தது என்பதற்குக் கட்டமே இல்லை. "அது அவர்கள் கையில் இருப்பது. என் கையில் இல்லாததை எண்ணிக்கொண்டிருந்தால் நான் முதல் ஆண்டிலேயே ஓடியிருப்பேன்" என்றார். கடைத்தெருவில் பத்து ஊக்கப் புத்தகங்கள் வாங்குவதைவிட இந்த மூன்று கட்டங்கள் எனக்குப் பயன்படும் போலத் தோன்றுகிறது. என் குறிப்பேட்டிலும் கோடு போட்டுவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

இன்றைய நாளை விரிவாகவே எழுத வேண்டும். லேத் பட்டறை நடத்தும் ஒருவரைப் பார்க்கப் போனேன். வயது 41, இரண்டு பிள்ளைகள், இயந்திரக் கடன் பாக்கி இருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினார். நானும் பாலிசியைப் பற்றிப் பேசாமல், பட்டறையை அவரைத் தவிர வேறு யாரேனும் நடத்த முடியுமா என்று மட்டும் கேட்டேன். கடைசல் சுருள்களைத் தூரிகையால் தள்ளிக்கொண்டிருந்தவர், பதில் சொல்லாமல் இயந்திரத்தை அணைத்தார்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாலமன் ஹூப்னர் 1920களில் பரப்பிய மனித உயிர் மதிப்பு என்னும் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, குடும்பத்துக்குப் போய்ச்சேரும் தொகையை இன்னும் உழைக்கப்போகும் 19 ஆண்டுகளுக்கு நீட்டி, அதன் இன்றைய மதிப்பைக் காண்பதுதான் முறை. இயந்திரத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கும் அவர், அதை இயக்குபவருக்கு எடுத்ததில்லை என்பதை நான் சொல்லாமலே கவனித்துவிட்டார். அதன்பின் வந்த மௌனத்தில் எதையாவது பேசி நிரப்ப என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். "எப்போது தொடங்கலாம்?" என்று அவர்தான் கேட்டார்.

முன்மொழிவுப் படிவம் அழுக்காகாமல் இருக்கக் கைகளைக் கந்தலில் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். நோய் பற்றிய கேள்வி வந்ததும், மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், அதை எழுத வேண்டாம் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். என் பேனா 'இல்லை' என்ற கட்டத்தின் மேலேயே சற்று நேரம் நின்றது. மறைப்பதில் என்ன ஆகிவிடும் என்று நானும் ஒரு கணம் எண்ணினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

பயிற்சியில் படித்த கார்ட்டர் எதிர் போம் வழக்கு நினைவுக்கு வந்தது. சுமத்ராவிலிருந்த ஒரு கோட்டைக்கு எடுத்த காப்பீடு குறித்து 1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்த வழக்கு அது. அதில் வென்றவர் காப்பீடு எடுத்தவர்தான் என்றாலும், இடரைப் பற்றித் தமக்கு மட்டும் தெரிந்த முக்கிய விவரத்தை மறைக்கலாகாது என்னும் உச்ச நம்பிக்கைக் கோட்பாடு அங்கிருந்துதான் வேர்விட்டது. வழக்கையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "அண்ணா, இன்று மறைத்தால் இழப்பீடு கேட்டு அண்ணி அலுவலகத்துக்கு வரும் நாளில்தான் அது வெளியே வரும். அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்" என்றேன். வெகுநேரம் கழித்து, "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மருத்துவப் பரிசோதனைக்குப் பின் கூடுதல் பிரீமியத்தோடுதான் ஏற்க முடியும் என்று நிறுவனம் தெரிவித்துவிட்டது. பட்டறை அண்ணனுக்கு வருத்தம், "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். முன்பென்றால் சரியென்று எழுந்து வந்திருப்பேன். இன்று, தொகையைப் பற்றி யோசிக்க வேண்டுமா, பாலிசியே தேவையா என்று யோசிக்க வேண்டுமா என்று கேட்டேன். தொகைதான் என்றார். ஆண்டுக்கு ஒரே தவணையாகக் கட்டுவதுதான் அவருக்குச் சுமையாக இருந்திருக்கிறது. காலாண்டுத் தவணையாக மாற்றிக் கேட்டிருக்கிறோம். மொத்தத்தில் சற்றுக் கூடும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பாலிசிப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிக்காமலே அலமாரியில் வைக்கப் போனவரை உட்காரவைத்து, பிடிக்காவிட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பித்தரலாம் என்ற பக்கத்தையும், தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம் என்ற பக்கத்தையும் பிரித்துக் காட்டினேன். முதல் பாலிசியைத் திருப்பித்தர நானே வழிகாட்டுவதை எண்ணி உள்ளூரச் சிரிப்பு வந்தது.

பக்கத்தில் நின்று படித்த அண்ணிதான் கண்டுபிடித்தார்: நியமனதாரர் (நாமினி) இடத்தில் அவர் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தது. படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பிழை என் கையெழுத்தில்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, திருத்த விண்ணப்பத்தை அங்கேயே எழுதி, இம்முறை எழுத்தெழுத்தாக அவரையே வாசிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவந்திருக்கிறேன். நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் முதல் வேலை அதுதான். அழைப்புகள் அதற்குப் பிறகு.