கல்லாப்பெட்டி நோட்டும் எமிலி ஜோலாவும்

திருமங்கலத்தில் அம்மா கருவாட்டுக் கடை வைத்திருந்தார். கல்லாப்பெட்டியில் ஒரு ராத்திரி கிடந்தாலே நோட்டில் நெத்திலி வாடை ஏறிவிடும். மதுரையில் கல்லூரி ஃபீஸ் கட்டப் போனபோது, கவுன்டரில் இருந்தவர் எண்ணுவதை நடுவில் நிறுத்தி விரலை மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்றவன்தான் சிரித்தான். அடுத்த தவணைக்கு அம்மா பணத்தை மல்லிகைப் பூவோடு பொதிந்து கொடுத்தார். அது இன்னும் மோசம்.

போன மாதம் பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலாவின் ‘பாரிஸின் வயிறு’ நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். 1873-ல் வந்தது. தென் அமெரிக்காவில் பிரான்ஸ் கைதிகளை அனுப்பிவைத்த கயேனிலிருந்து தப்பி வரும் ஃப்ளோரான், பாரிஸ் பெரிய மார்க்கெட்டில் மீன் பகுதி இன்ஸ்பெக்டர் ஆகிறான். மீன் வாடை அவனுக்குக் குமட்டுகிறது. எங்கள் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் பழகியிருப்பான்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது சீஸ் கடைப் பக்கங்களைத்தான். புழுக்கமான பிற்பகல். மூன்று பெண்கள் ஃப்ளோரானின் பழைய கதையைக் கிளறுகிறார்கள். சுற்றிலும் கமம்பேர், லிவரோ, ரோக்ஃபோர், எல்லாம் சூட்டில் இளகிக் கிடக்கின்றன. பேச்சு முற்ற முற்ற வாடையும் முற்றுகிறது. ஒரு கட்டத்தில் நாறுவது சீஸா, இவர்கள் வாயா என்று பிரிக்க முடியவில்லை.

அம்மா கடையிலும் அப்படித்தான். ஐப்பசி மழையில் உப்பு ஈரம் இழுத்து வாளைக் கருவாடு கசகசவென்று கிடக்கும். வியாபாரம் இருக்காது. பக்கத்துக் கடை அத்தைகள் சாக்கில் வந்து உட்கார்ந்து, யார் வீட்டுப் பெண் எவனோடு பேசினாள் என்று ஆரம்பிப்பார்கள். “கதவைச் சாத்துங்கடி, வாடை தெருவுக்குப் போகுது” என்பார் அம்மா. எந்த வாடையைச் சொன்னார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

வாடையைப் பற்றி இவ்வளவு எழுதிய ஜோலாவுக்கு வேட்டை நாய் மூக்கு இருந்திருக்கும் என்று நினைத்தேன். 1896-ல் எடுவார் துலூஸ் என்ற மருத்துவர் ஜோலாவைப் பலவிதமாகச் சோதித்து ஒரு புத்தகமே போட்டார். மூக்கின் கூர்மை சராசரிக்கும் கொஞ்சம் கீழேதானாம். ஆனால் வாசனை ஞாபகம் அபாரம். அப்புறம் ஆறே வருடம். 1902-ல், புகைபோக்கி சரியாக இழுக்காமல் படுக்கையறையில் நிறைந்த கார்பன் மோனாக்சைடில் செத்துப்போனார். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

கடையை மூடிப் பல வருடமாயிற்று. பித்தளைத் தராசுத் தட்டு மட்டும் பரணில் இருக்கிறது. நேற்று இறக்கி மோந்து பார்த்தேன்.

“என்னடா, நாய் மாதிரி?” என்றார் அம்மா.

தீபாவளிக்குத் தேய்த்து வைத்தாராம். புளி வாசம்தான் வந்தது.