மாமாவின் காலுக்கு மட்டும்தான் சதவீதம்

பெரிய மாமா வரப்பில் நடக்க மாட்டார். பாகூர்ப் பக்கம் கல்யாணம், காரியம் என்று போனால் நாங்கள் எல்லோரும் வயலின் குறுக்கே இறங்கிப் போய்விடுவோம். அவர் மட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டிலேயே சுற்றி வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கு, அதாவது இன்றைய வியட்நாம் பக்கம், போய்வந்த சொல்தா (சிப்பாய்) அவர். புதுச்சேரியில் இது ஒன்றும் அதிசயமில்லை. சைகோன் என்று சொன்னால் போதும், சாப்பாடு, கடைத்தெரு, மழை என்று பேசிக்கொண்டே போவார். கண்ணிவெடி என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வந்ததில்லை.

அத்தை அவரைத் தொட்டு எழுப்ப மாட்டார். நிலைப்படியில் நின்றுகொண்டு சொம்பால் தரையில் தட்டுவார். கல்யாணமான புதிதில் தோளைத் தொட்டு எழுப்பப் போய், கழுத்தில் கை விழுந்ததாம். பாட்டி இதைக் காத்து கருப்பு என்றார். என் அப்பா பிராந்தி என்றார். "சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுத்தானே போனார், இப்ப என்ன?" என்பதும் அப்பாதான். அதிலும் ஒரு உண்மை உண்டு. இந்தோசீனாவுக்குக் கட்டாய ராணுவ சேவைக்காரர்களை பிரான்ஸ் அனுப்பவில்லை, தாமாக ஒப்பந்தம் போட்டவர்களைத்தான் அனுப்பியது. வில்லியனூர் மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டதும் நடந்தது, பாட்டிலை ஒளித்து வைத்ததும் நடந்தது. இரண்டுக்கும் பலன் இல்லை.

நான் பிரெஞ்சு படித்தவன் என்பதால் மாமாவின் பான்சியோன் (ஓய்வூதிய) கடிதங்கள் என்னிடம் வந்துசேர்ந்தன. பிரான்ஸில் 1919 மார்ச் 31 அன்று ஒரு சட்டம் போட்டார்கள். போரில் ஊனமானவனுக்குத் தரும் பணம் தர்மம் இல்லை, அவனுடைய உரிமை என்றது அது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்பதைச் சதவீதமாகக் கணக்கிட்டுப் பணம் தருவார்கள். மாமாவின் முழங்காலுக்குக் கீழே குண்டுச் சிதறல் பாய்ந்த தழும்பு ஒன்று இருந்தது. அதற்குச் சதவீதம் உண்டு. அதைக் கூட்டிக் கேட்டு விடாமல் எழுதச் சொல்வார், கறாரான ஆள். ராத்திரித் தூக்கம் போனதற்கு எந்தக் காகிதத்திலும் ஒரு வரிகூட இல்லை.

போர் மனதை என்ன செய்கிறது என்பதை மருத்துவம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டது என்றுதான் எங்கேயும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது ஒரு பேரமாகத்தான் தெரிகிறது. ஆளை எத்தனை சீக்கிரம் திரும்ப அனுப்பலாம், அப்புறம் பணம் யார் கொடுப்பது என்ற பேரம்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் 'ஷெல் ஷாக்', அதாவது சிப்பாய்களுக்கு வந்த குண்டதிர்ச்சி, பற்றி எழுதினார். குண்டு பக்கத்தில் வெடித்த அதிர்ச்சியில் நரம்பு கெட்டிருக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் எந்தக் குண்டும் பக்கத்தில் வெடிக்காதவர்களும் நடுங்கிக்கொண்டு வந்தார்கள். அங்கேதான் சந்தேகம் பிறந்தது: இவன் நோயாளியா, கோழையா? 1917இல் பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் பெயரையே எழுத வேண்டாம் என்று உத்தரவு போட்டது. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக அந்தப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது.

பிரான்ஸ் இதில் மேல் என்று சொல்ல மாட்டேன். தூர் நகரத்தில் க்ளோவி வேன்சான் என்ற நரம்பியல் மருத்துவர், முதுகு கூனிப்போய் நிமிர முடியாத சிப்பாய்களுக்கு மின்சாரம் பாய்ச்சினார். 1916இல் பத்திஸ்த் தெஷாம் என்பவர் எனக்கு இது வேண்டாம் என்று மறுத்து, மருத்துவர் மேலேயே கை வைத்துவிட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நின்றது மருத்துவர் இல்லை, தெஷாம்தான். பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை. கடைசியில் ஆறு மாதத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தார்கள்.

அமெரிக்காவில் 1952இல் மனநோய்க் கையேட்டில் போர் அழுத்தத்துக்கு ஓர் இடம் தந்தார்கள். 1968இல், வியட்நாமில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, அதை எடுத்துவிட்டார்கள்! மாமா மிதித்த அதே மண்ணிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களும் அவர்கள் பக்கம் நின்ற மனநல மருத்துவர்களும் போராடிய பிறகு, 1980இல் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்தக் கோளாறு) என்று அது திரும்பி வந்தது. நடந்த சம்பவத்தையே காரணமாகச் சொன்னதுதான் அதில் பெரிய விஷயம். அதுவரை ஆளுடைய குணத்தில், வளர்ப்பில் குறை தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிரான்ஸில் 1992 ஜனவரி 10 ஆணை வந்தது. போரால் வரும் மனக்கோளாறுக்கும் சதவீதம் போடலாம், அது வருடங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம் என்று ஒப்புக்கொண்ட ஆணை. விஷயம் தெரிந்ததும் மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"காலுக்கு வர்ற பெர்சென்ட் போதும்டா. பைத்தியம்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா?"

தழும்புக்கு ஒரு புள்ளி கூட்டச் சொல்லி ஓயாமல் எழுத வைத்த மனுஷன். அவருக்கு ஆணை எட்டு பத்து வருஷம் முன்னால் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். பாரீஸில் சட்டம் மாறியது. அவர் பழகிய பட்டாளத்தில் நடுங்கியவனை நடிக்கிறான் என்றுதான் சொன்னார்கள், அந்தப் பட்டாளம் அவருக்குள் அப்படியே இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார்.

அவர் போன பிறகு அத்தை கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பேச்சுவாக்கில் அந்த 1992 ஆணையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத்தனை வருஷமா நானும்தானே தூங்கல. எனக்கு எத்தனை பெர்சென்ட்டு?" என்றார்.

அதற்கெல்லாம் ஃபாரம் கிடையாது அத்தை, விதவைக்கான பான்சியோன் ஃபாரம்தான் இருக்கிறது என்றேன்.

"சரி, அதையாவது அடித்தல் திருத்தல் இல்லாம எழுது" என்று மூக்குக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார்.