குழகருக்குத் துணை யார்?

வேதாரண்யம் போகிறவர்கள் பெரும்பாலும் மறைக்காட்டுநாதரைக் கும்பிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நாங்களும் இரண்டு முறை அப்படித்தான் வந்தோம். இந்தத் தை மாதம் அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை குழகரைப் பார்க்காம வரமாட்டேன்." பக்கத்துக் கோடியக்காட்டில் கோயில் கொண்டிருக்கும் சிவன்தான் குழகர்.

காலையில் மறைக்காட்டுநாதர் தரிசனம். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்த தலம். திறக்க அவர் பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது. மூடுவதற்குச் சம்பந்தருக்கு ஒரே பாட்டு போதும். அப்பருக்கு அது மனக்குறையாம். எனக்கும்தான். அம்பாள் பெயர் யாழைப்பழித்த மொழியாள். அந்தக் குரலுக்கு முன்னால் எதற்கு என்று இங்கே சரஸ்வதி கையில் வீணை இல்லை.

கோடியக்காட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். வழியில் அகத்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண் கூசியது. அம்மா இறங்கி ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம வீட்டு உப்பைவிடக் கரிக்குது" என்றார். அங்கே நின்று நின்றே நேரம் போய்விட்டது. கோயிலுக்குப் போனால் நடை சாத்தியாகிவிட்டது. பாடித் திறக்க எங்களிடம் அப்பர் இல்லையே.

சரி, சாயங்காலம் வரை சுற்றலாம் என்று ராமர் பாதம் போனோம். மணல்மேட்டில் ஏறினால் சுற்றிலும் தட்டையான காடுதான். இங்கே நின்று ராமர் இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. 1967-லேயே சரணாலயமான காடு இது. கீழே புல்வெளியில் வெளிமான்கள். முறுக்குக் கொம்போடு ஒரு கலைமான் எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. கோடியக்கரைக் கடற்கரையில் சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. 2004 சுனாமி மிச்சம் வைத்தது அவ்வளவுதான். அந்தச் செங்கற்களுக்குப் பக்கத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே இருந்தார். சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரரையும் இந்தக் காற்றுதான் உலுக்கியிருக்கிறது. கடற்காற்று இப்படி வந்து மோதுகிறதே, பக்கத்தில் ஒரு குடிகூட இல்லையே, உமக்கு யார் துணை என்று குழகரிடமே கேட்டுவிட்டார். வரம் கேட்கவில்லை. தனியாக இருக்கும் ஒருவரைப் பார்த்து வரும் கவலை அது.

சாயங்காலம் நடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனோம். எங்களைத் தவிர யாருமில்லை. அமிர்தம் சிந்திய இடம் என்பது தலபுராணம். அதற்கேற்றாற்போல் இங்கே முருகன் கையில் அமிர்த கலசம். மூலவர் முன்னால் குருக்கள் கற்பூரம் ஏற்றினார். சுடர் படுத்தது, இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டு தட்டை மெல்ல உயர்த்தினார். அந்த நேரம் குழகர் முகம் துலக்கமாகத் தெரிந்தது.

திருநீறு வாங்கும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்:

"ராத்திரியில இங்க யாராவது இருப்பாங்களா, சாமி?"