இரண்டு பேருக்குப் பதினேழு ஷில்லிங்

சிறார் வரலாற்றுப் புனைவுகளைச் செம்மைப்படுத்துவது என் வேலை. முதல் அத்தியாயத்திலேயே பெற்றோரைக் கொன்றுவிட்டுப் பிள்ளைகளைப் போருக்குள் இறக்கிவிடும் கையெழுத்துப் பிரதிகள் வந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள் குறுக்கே நின்றால் சாகசம் நடக்காதல்லவா? அதில் எனக்குக் குறையில்லை. அதன்பிறகு பக்கத்துக்குப் பக்கம் குண்டு போடுகிறார்களே, அங்கேதான் பொறுமை போய்விடும்.

அண்மையில் வந்தது 1939ஆம் ஆண்டு லண்டன் கதை. அநாதைகளான பன்னிரண்டு வயது அக்காவும் நான்கு வயதுத் தம்பியும் செப்டம்பர் 1 அன்று, குண்டுவீச்சுக்கு அஞ்சி அரசாங்கம் நகரத்தைவிட்டு அனுப்பிய பள்ளிப் பிள்ளைகளோடு ரயிலேறிக் கிராமத்துக்குப் போகிறார்கள். மேல்சட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டு, தோளில் தொங்கும் அட்டைப்பெட்டியில் நச்சுவாயு முகமூடி, எல்லாம் சரி. தம்பியின் வயதுதான் இடித்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களைத் தாயோடு அனுப்புவதே ஏற்பாடு. ஆறு வயதாக்கச் சொன்னேன். நாவலாசிரியைக்கு மனம் வரவில்லை. சின்னக் குழந்தைகளுக்கென்று சிவப்பு ரப்பரில் செய்த 'மிக்கி மவுஸ்' முகமூடி வரும் காட்சியை ஆசையாக எழுதியிருந்தார். ஆறு வயதுப் பையனுக்கு அது பொருந்தாது.

"பெரிய முகமூடியும் மோசமில்லை, அம்மா. ஓங்கி ஊதினால் கன்னத்தோரம் ரப்பர் படபடத்து அசிங்கமான சத்தம் வரும். பிள்ளைகளுக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சியாம்" என்றேன். சிரித்துக்கொண்டே தம்பிக்கு இரண்டு வயதைக் கூட்டிவிட்டார்.

இருவரையும் பிரிப்பதற்கு அவர் ஒரு கொடுங்கோல் அதிகாரியைப் படைத்திருந்தார். அந்த ஆளே வேண்டாம் என்றேன். அரசாங்கத்தின் கணக்கு போதும். ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் (அன்று ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ்தான். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தால் 17 ஷில்லிங். ஆளுக்கொரு வீடு என்றால் 21. கிராம மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஊரார் பொறுக்கியெடுக்கும்போது, கைகோத்து நிற்கும் இருவரை யார் முதலில் கேட்பார்கள்? கணக்கில் கெட்டிக்காரியான அக்கா இதை மனத்துக்குள் கூட்டிப் பார்க்கட்டும் என்றேன். அந்தப் பக்கத்தை அவர் எழுதி அனுப்பியபோது நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

1940இல் கூப்பன் கொடுத்து மிட்டாய் வாங்கும் காட்சியும் இருந்தது. மிட்டாய்க்குப் பங்கீடு வந்ததே 1942 ஜூலையில், அடித்துவிட்டேன்.

கதையின் நெஞ்சு அந்த முதல் குளிர்காலத்தில் இருக்கிறது. குண்டு விழவில்லை என்றதும் பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். 1940 ஜனவரிக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். பள்ளியில் தினமும் ஓரிரு இடம் காலியாகிறது. இந்த இருவரைத் தேடி வர யாருமில்லை. இதற்குமேல் போர் எதற்கு? மூன்று விமானத் தாக்குதல் அத்தியாயங்களை நீக்கினோம். லண்டன்மீது தொடர் குண்டுவீச்சு 1940 செப்டம்பரில்தான் தொடங்கியது. நாவல் அதற்கு முந்தைய வசந்தத்திலேயே முடிந்துவிடுகிறது.

அட்டையில் மட்டும் மூன்று குண்டுவீச்சு விமானங்கள் பறக்கின்றன. விற்பனைப் பிரிவினரிடம் நான் தோற்றுப்போனேன்.