பெரியப்பாவின் காலில் இறுக்கிய துண்டு

பிசான அறுவடையின்போது, அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் வயலில், நெற்கட்டைத் தூக்கக் குனிந்த பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. உடன் நின்றவர்கள் முழங்காலுக்குக் கீழே ஈரத் துண்டை முறுக்கி, தோல் வெளுக்கும்வரை இறுக்கிக் கட்டினார்கள். பாசத்தால் செய்த அந்தக் காரியமே அவர் காலைப் பறித்திருக்கக்கூடும் என்பதை திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில்தான் அறிந்தேன்.

விரியனின் நஞ்சு கடிபட்ட இடத்துச் சதையையே சிதைக்கக்கூடியது. இரத்த ஓட்டத்தையும் தடுத்து நஞ்சை அங்கேயே தேக்கினால் கால் அழுகிப்போகலாம். அதற்காக, இறுக்கிய துண்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சட்டென்று அவிழ்ப்பதும் கூடாது. தேங்கிய நஞ்சு மொத்தமாக உடலில் பரவும் என்பதால், நஞ்சுமுறி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மருத்துவர் அதை மெல்லத் தளர்த்தினார். பிளேடால் கீறாமல் விட்டது எங்கள் நல்ல காலம், ஏனெனில் இந்த நஞ்சு ஏறிய இரத்தம் உறைவதில்லை.

அதைக் கண்ணாலேயே பார்த்தேன். அவருடைய இரத்தத்தில் 2 மில்லி எடுத்து, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். செவிலியர் குழாயைச் சாய்த்தபோது அது தண்ணீர்போல் வழிந்தது. உடனே 10 குப்பி மருந்து ஏற்றினார்கள்.

பாம்பை அடித்து எடுத்து வரவில்லையே என்று சித்தப்பா வருந்திக்கொண்டே இருந்தார். அதற்குத் தேவையே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே அம்மருந்து செய்யப்படுகிறது. அதற்கான நஞ்சை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள், 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்து இருளர் பழங்குடியினர். எங்கள் குடும்பம் அவர்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறது.

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, மெட்டி, கொலுசு, மோதிரம், கயிறு எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றி, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமானால், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகலாம். பச்சிலைக்கும் மந்திரிப்புக்கும் செலவாகும் நேரம் மருந்துக்குரிய நேரம்.

கட்டுவிரியனைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. இரவில் தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுபவரின் இமைகள் தாமாகச் சரிந்தால், கடிவாய் தேடி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். மூச்சுத் தசைகள் செயலிழக்குமுன் அங்கே போய்ச் சேர வேண்டும். கோடையில் களத்திலும் திண்ணையிலும் பாய் விரிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. பெரியப்பா உட்பட எல்லோருக்கும் கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் வந்துவிட்டன.