புள்ளித் திட்டத்தில் இல்லாத மழை

"அப்ப இத எங்க சேர் எழுதுறது?"

அந்தப் பிள்ளை கோபத்தில் கேட்கவில்லை, என்னை மடக்கவும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அன்றைக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பதுகூட நினைவில் இல்லை, கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

தவணைப் பரீட்சையில் வந்த சின்ன வினா அது. இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு அதிக மழையைத் தருவது எந்தப் பருவக்காற்று, எந்த மாதங்களில்? புள்ளித் திட்டத்தில் தென்மேல் பருவக்காற்று, மே முதல் செப்டெம்பர் வரை என்று இருந்தது. வகுப்பே அதைத்தான் எழுதியிருந்தது. இவள் மட்டும், "வட்டவளைப் பக்கத்துக்கு அது சரி. எங்கள் பக்கத்துக்கு ஐப்பசியிலிருந்து தை வரைதான் மழை. ஆடியில் இங்கே வெறும் காற்று" என்று எழுதியிருந்தாள். நான் முழுப் புள்ளி போட்டேன். போட்டுவிட்டு, தாளைக் கையில் கொடுக்கும்போது, "சாதாரண தரப் பரீட்சையில இப்பிடி எழுதாத பிள்ள, புத்தகத்துல உள்ளத எழுது" என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அவள் சின்ன வயதில் வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தவள். பிறகுதான் அப்புத்தளைப் பக்கம் வந்தார்கள். வட்டவளையில் ஆடி மாதம் அம்மா இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வருவாராம். இங்கே அதே ஆடியில் உதடு வெடித்து வருகிறாராம். கொழுந்து குறைந்து, நாளுக்குரிய கிலோ எடுக்க முடியாமல், அரை நாள் சம்பளமான அரைப் பேர் விழுவதும் இந்த மாதங்களில்தான் என்றாள். இதைவிட நல்ல ஆதாரத்தை நான் எந்த வரைபடத்திலிருந்து காட்டுவது?

வட்டவளைக்கும் அப்புத்தளைக்கும் நேர்கோட்டில் 50 கிலோமீற்றர் அளவுதான் தூரம். மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தென்மேல் காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரம் மேற்குச் சரிவில் ஏறும்போதே குளிர்ந்து கொட்டிவிடுகிறது. முகடு தாண்டி, அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்க, 100 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் சூடேறுகிறது. ஏறும்போது நீராவி மழையாக மாறுகையில் வெளிவிட்ட வெப்பமும் அதோடு சேர்ந்தே வருகிறது. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். பட்டிப்பொல தாண்டி, ஒஹியாவுக்கு முன் முகட்டைக் கடக்கும் சுரங்கத்தை ரயிலில் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை தனி வாசம் ஏறுவதும், ஏலத்தில் விலை கூடுவதும் அந்த வறண்ட காற்றினால்தான். மேற்குப் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. ஒரே மலைநாடு, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பருவம் தலைகீழ்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளை எழுத வேண்டாம் என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருக்கிறது. விடைத்தாள் திருத்துபவருக்கு இந்தப் பிள்ளையின் அம்மாவைத் தெரியாது. ஒரு புள்ளி குறைந்து சித்தி தவறினால், லயத்துப் பிள்ளைக்கு அடுத்த பாதை கொழும்பில் ஒரு கடையோ யாருடையதோ வீட்டு வேலையோதான். நகரத்துப் பிள்ளை இரண்டாம் தடவை எழுதும். இவளுக்கு இரண்டாம் தடவை கிடைக்குமென்று யார் உறுதி சொல்வது? ஆசிரியர் முதலில் பிள்ளையைக் கரை சேர்க்க வேண்டும். இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்த நினைவுக்கு வரும்போது அந்த நம்பிக்கை ஆடுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அது எங்கள் மாவட்டம். எங்கள் பக்கத்துக்கு மண் ஊறிக் கனக்கும் காலம் ஐப்பசியும் அதற்குப் பின்வரும் மாதங்களும். மலைநாட்டு மழை செப்டெம்பரோடு ஓய்கிறது என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ஐப்பசியில் பின்பக்கத்து மேட்டைத் திரும்பிப் பார்க்குமா? இந்தப் பாடத்தில் பிள்ளையின் உயிரோடு தொட்டுக்கொண்டிருக்கும் விடயம் ஒன்று இருக்குமானால் அது இதுதான். அதைத்தான் நான் "எழுதாத" என்றேன்.

காலநிலை எல்லைக் கோடுகளை வரைந்தவர்கள்கூட இவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை. உலகக் காலநிலைகளைப் பிரித்த விளாடிமிர் கோப்பன் தாவரங்களைப் பார்த்துத்தான் எல்லைகளைத் தேடினார். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 பாகைக்குக் குறைந்தால் அது அயன (வெப்பமண்டல) காலநிலை இல்லை என்பது அவர் வைத்த அளவு. அந்தக் கணக்கில், மத்திய கோட்டிலிருந்து 7 பாகையில் இருக்கும் நுவரெலியா, உயரத்தினால் இலண்டனுடைய பிரிவுக்குள் போய்விடுகிறது. அட்சக்கோட்டைப் பார்த்தால் அயனம், வெப்பமானியைப் பார்த்தால் இல்லை. கொழுந்தின் அளவை வைத்து மழையைச் சொன்ன பிள்ளை செய்ததும் கோப்பன் செய்ததும் எனக்கு ஒரே வேலையாகத்தான் படுகிறது. அவளிடம் அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும் எழுத இடம் கிடைத்திருக்குமா என்றும் தெரியவில்லை.

அடுத்த தவணையில் அதுபோல ஒரு வினா வந்தது. அவள் புத்தக விடையை இரண்டே வரியில் எழுதியிருந்தாள். அதற்கும் முழுப் புள்ளிதான் போட்டேன்.

இந்த வருடம் தென்மேல் பருவக்காற்றுப் பாடத்துக்குக் கரும்பலகையில் மலையைக் குறுக்கே வெட்டி வரைகிறேன். ஒரு பக்கம் வட்டவளை, மறுபக்கம் வெலிமடை. எந்த மாதத்தில் வீட்டில் துணி காயாது என்று பிள்ளைகளைக் கேட்டு அவர்கள் வாயாலேயே மாதங்களை நிரப்புகிறோம். ஒரு பாடத்துக்கே இவ்வளவு நாள் எடுத்தால் பாடத்திட்டம் எப்போது முடியும் என்று சக ஆசிரியர் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம், பாடத்திட்டம் பின்தங்கித்தான் கிடக்கிறது. விடையின் முதல் வரியைப் புத்தகத்தில் உள்ளபடி எழுதுங்கள், இரண்டாவது வரியில் உங்கள் பக்கத்து மழையை எழுதுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவது வரியைக் கண்டு திருத்துபவர் முதலாவதையும் சேர்த்து வெட்டிவிடுவாரோ என்ற பயத்தில், பரீட்சை நெருங்கும்போது அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்னவோ.