பேஸ் குமிழைத் திருகினால் பேஸ் கேட்காது

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகைதான். கூடவே பேஸ் கிட்டாரைப் பற்றி வழக்கமான புகாரும் வரும்: "பேஸ் அதிருது, ஆனா என்ன நோட்டுன்னு புரியலை." உடனே ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) பேஸ் குமிழை இன்னும் கொஞ்சம் திருகுவார்கள். அதனால் கெடுவது கூடும், அவ்வளவுதான்.

திறந்த E தந்தி 41 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் அடியும் கீபோர்டுக்காரரின் இடது கையும் அதை ஒட்டித்தான் குடியிருக்கின்றன. கல்சுவரும் உயரக் கூரையுமான பழைய ஆலயங்களில் இந்தக் கீழ்ச்சத்தம் அடங்கவே நேரமாகும். எந்த நோட்டு என்று காதுக்குக் காட்டிக்கொடுப்பது ஏறத்தாழ 500 முதல் 900 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட், அதாவது நடுச்சத்தம். கிட்டாருக்குள் செய்கிற எந்த மாற்றமும் அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அளந்துவிடுங்கள். ஜாஸ் பேஸ் வகை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம்) என்றால் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உறைக்கும் இடையே மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். ஒரு வால்யூம் முழுதாக, மற்றது பூஜ்யம்: சுமார் 7 முதல் 8 கிலோ ஓம் வரும். இரண்டும் முழுதாக: அதில் பாதி. எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் ஜாக்கில் ஷார்ட்டா என்று பாருங்கள். அளவெல்லாம் சரி, ஆனால் இரண்டு பிக்கப்பும் சேரும்போது சத்தம் மெலிகிறது என்றால் ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன.

அடுத்தது பாட், அதாவது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை. விலை குறைந்த கிட்டார்களில் இருக்கும் சின்ன பாட்கள் மலை ஈரத்தில் சீக்கிரமே கரகரக்கும். 250 கே (கிலோ ஓம்) பெரிய பாட் போடுங்கள். அதன் கழுத்துக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், பழைய துளை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. மரத்தில் டிரில் ஓட்டினால் பெயின்ட் பெயரும். ரீமரால் மெதுவாகத் தேய்த்துப் பெரிதாக்குங்கள். பிக்கப்பின் ஹாட் ஒயர் (சிக்னல் வரும் ஒயர்) வால்யூம் பாட்டின் நடுக்காலுக்கும், ஜாக்குக்குப் போகிற ஒயர் ஓரக்காலுக்கும் வர வேண்டும். மாற்றிப் பற்றவைத்தால் ஒரு வால்யூமைக் குறைத்ததும் இரண்டு பிக்கப்பும் ஊமையாகிவிடும். ஜாஸ் பேஸில் அடிக்கடி நடக்கும் தப்பு இது.

டோன் கெபாசிட்டரில் 473 என்று இருந்தால் 0.047 மைக்ரோஃபாரட். 223 (0.022) போட்டால் டோனை மூடும்போதும் மிட் கொஞ்சம் மிஞ்சும். டோனை முழுக்கத் திறந்தே வாசிப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஆயில் கெபாசிட்டருக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் நான் சொல்வது சீரிஸ் சுவிட்ச். டோன் பாட்டுக்குப் பதிலாகப் புஷ்-புல் பாட் (இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்வது) போட்டு இரண்டு பிக்கப்பையும் வரிசையாக இணைத்தால் சத்தம் ஏறும், மிட் தடிக்கும், மேல்சத்தம் சற்று மங்கும். மீட்டரில் இப்போது 15 கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு பிக்கப்பின் கிரவுண்டைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அதன் உலோக உறையோ தகடோ அதே ஒயரில் இருந்தால் அதையும் பிரித்துத் தனி கிரவுண்ட் கொடுங்கள். புஷ்-புல் பாட் ஆழமானது, வாங்கும் முன் கட்டையின் குழியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் ப்ரீஆம்ப், அதாவது கிட்டாருக்குள் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப். மிட்டுக்குத் தனிக் குமிழ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பேஸ், ட்ரெபிள் மட்டும் உள்ளது இந்த வேலைக்கு உதவாது. பாஸிவ் (பேட்டரி வேண்டாத) பிக்கப்புக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே 250 கே பாட்தான். 25 கே போட்டால் மேல்சத்தம் செத்துவிடும். ஜாக் ஸ்டீரியோவாக இருக்க வேண்டும்: நுனிக்கு அவுட்புட், வளையத்துக்கு பேட்டரியின் கறுப்பு ஒயர், உறைக்கு கிரவுண்ட். மோனோ பிளக்கைச் செருகியதும் வளையமும் உறையும் சேர்ந்து பேட்டரி ஓடத் தொடங்கும். கேபிளை உருவாமல் தூங்கப் போனால் பேட்டரி வீணாகத் தேயும். பைபாஸிலும் (ப்ரீஆம்பைத் தாண்டிப் போகும் நிலை) ப்ரீஆம்பிலும் சத்தம் ஒரே அளவில் இருக்குமாறு கெயினை வைத்துவிட்டு ஒப்பிடுங்கள்; இல்லாவிட்டால் உரக்கக் கேட்பதே நல்லது என்று காது ஏமாற்றும்.

பற்றவைக்கும்போது: பாட் முதுகை உப்புத்தாளால் சுரண்டாவிட்டால் ஈயம் சரியாக ஒட்டாது. 60/40 ஈயம், 40 வாட் அயர்ன். குளிர் நாளில் அயர்ன் நன்றாகச் சூடேறும்வரை பொறுங்கள். ஈயம் மங்கி உருண்டு நின்றால் அது பிடிக்கவில்லை, திரும்பப் பற்றவையுங்கள். இரைச்சலைத் தடுக்கக் குழிக்குள் செப்பு டேப் ஒட்டினால் ஓரங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று மீட்டரில் பாருங்கள். எர்த் இல்லாத பழைய பங்களாவின் இரண்டு துளை பிளக்கில் வருகிற ஹம்மை எந்த டேப்பும் நிறுத்தாது.

மேடையில் ஆம்பின் பேஸைக் கொஞ்சம் இறக்கி, மிட்டை 3 முதல் 4 டெசிபல் ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது மூக்கால் பேசுவது போலிருக்கும். டிரம்மும் கிட்டாரும் சேர்ந்ததும் சரியாகிவிடும். ப்ரீஆம்பின் 9 வோல்ட் பேட்டரி 8 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். குளிரில் அது இன்னும் சோம்பும், ஆகையால் கேரல் இரவுக்கு உபரி பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.